எத்தனை மாதம் மாத்திரை? – கால் சிரையில் கட்டும் ரத்தமும் அதன் வைத்தியமும்



மருத்துவத்தில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பொதுமக்களுக்குப் புரியும்படி தமிழில் பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவின் நிபந்தனை. சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு பற்றிப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் கால் சிரையில் கட்டும் ரத்தத்தைத் தேர்ந்துகொண்டேன். இந்த நோயோடு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கட்டி கரைஞ்சிடுச்சா டாக்டர்?" என்பது. இரண்டு வாரம் கழித்து வந்தாலும் அதே கேள்விதான். மூன்று மாதம் கழித்து வந்தாலும் அதேதான். அவர்கள் கேட்க வேண்டியது வேறொன்று: "இந்த மாத்திரையை எத்தனை மாதம் சாப்பிடணும், ஏன் அத்தனை மாதம்?" என் பேச்சு அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

இதயம் ரத்தத்தைக் காலுக்குத் தள்ளிவிடுகிறது. மேலே திரும்ப ஏற்றும் வேலை பெரும்பாலும் கெண்டைக்கால் தசையுடையது. நாம் நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி, தனக்குள் ஓடும் ஆழ்சிரைகளை அழுத்துகிறது. ரத்தம் மேலே போகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைக் கீழே இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. நடை நின்றால் ஓட்டமும் மந்தமாகும். ஓட்டம் மந்தமாவது, சிரையின் உட்சுவர் காயப்படுவது, ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது: இந்த மூன்றும் சேரும் இடத்தில் ரத்தம் கட்டும். ஜெர்மன் நோயியலாளர் ருடால்ஃப் ஃபிர்க்கோவின் பெயரால் பாடப் புத்தகங்கள் இதைச் சொல்கின்றன. பிணப் பரிசோதனையில் நுரையீரல் தமனியில் காணும் கட்டி அங்கேயே உருவானதல்ல, தொலைவில் ஒரு சிரையிலிருந்து அறுந்து வந்தது என்று நிறுவியவர் அவர். 1856-இல் அவருடைய கட்டுரைகள் தொகுப்பாக வந்தன. கால் வீக்கத்துக்கும் திடீர் மரணத்துக்கும் உள்ள தொடர்பு அதன் பிறகுதான் மருத்துவர்களின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சும்மா உட்கார்ந்திருப்பது ஆளைக் கொல்லுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று உண்டு. 1940 இலையுதிர் காலத்தில் லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் இரவிரவாகக் குண்டு போட்டன. பதுங்கிடங்களில் மக்கள் மடக்கு நாற்காலிகளில் சாய்ந்தபடியே இரவைக் கழித்தார்கள். நாற்காலியின் முன்சட்டம் தொடைக்கடியில் அழுத்திக்கொண்டே இருக்கும். கீத் சிம்ப்சன் என்ற தடயவியல் மருத்துவர், நுரையீரல் அடைப்பால் நேரும் மரணங்கள் முந்தைய ஆண்டின் இதே மாதங்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்காகிவிட்டதை அப்போதே எழுதினார். குண்டுக்குத் தப்பியவர்கள் நாற்காலியில் இறந்திருக்கிறார்கள். இன்றைய நீண்ட விமானப் பயணத்துக்கும் இதே விதிதான். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் சுமார் 6000 பேரில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் கணக்கிட்டது. இரவு முழுக்க ஆம்னி பஸ்ஸில் முழங்காலை மடக்கிக்கொண்டு போகிறவரின் சிரைக்கு, தான் தரையில் போகிறோமா ஆகாயத்தில் போகிறோமா என்று தெரியாது.

இது வெள்ளைக்காரர் நோய், நம்மவர்களுக்கு வராது என்ற நம்பிக்கை நம் அறுவை மருத்துவர்களிடம் நெடுங்காலம் இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1996 முதல் 2005 வரை சேர்ந்த நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டிய ஓர் ஆய்வு, பத்தாயிரம் பேருக்குச் சுமார் 17 பேரிடம் இது உறுதியானதைக் காட்டியது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அறுவைச் சிகிச்சைக்காக வந்தவர்களே அல்லர் என்பதுதான் எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறது.

நோய் எப்படித் தெரியும்? ஒரு கால் மட்டும் வீங்கும். கெண்டைக்காலில் இறுக்கம், வலி, சூடு இருக்கும். தோல் சிவக்கும், சில சமயம் நீலம் பாரிக்கும். இடது காலில்தான் அதிகம் வருகிறது. வயிற்றுக்குள் வலது காலுக்குப் போகும் தமனி, இடது காலிலிருந்து வரும் சிரையின் மேல் ஏறிக் கடப்பதே காரணம். கர்ப்பிணிகளிடம் இந்த இடதுபக்கச் சாய்வு இன்னும் தெளிவாகத் தெரியும். நம் ஊரில் ஒரு கால் வீங்கினால் முதலில் யானைக்கால் என்பார்கள், அல்லது நரம்பு பிடித்துக்கொண்டது என்று எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள். யானைக்கால் மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் பெருக்கும். ரத்தக்கட்டு ஓரிரு நாளில் வீங்கவைக்கும். உருவிவிடுவதுதான் என்னை உண்மையில் பயமுறுத்துகிறது. புதிதாக உண்டான கட்டி சிரைச் சுவரில் சரியாக ஒட்டியிருக்காது. அழுத்தித் தேய்த்தால் அறுந்து நுரையீரலுக்குப் போகலாம். காரணம் தெரியாமல் ஒரு கால் வீங்கியிருந்தால், டாப்ளர் ஸ்கேன் பார்க்கும்வரை அந்தக் காலில் யாரும் கைவைக்கக் கூடாது.

டாப்ளர் ஸ்கேனில் கருவியைச் சிரையின் மேல் வைத்து அழுத்துவார்கள். நல்ல சிரை அழுத்தத்தில் தட்டையாகிவிடும். உள்ளே கட்டி இருந்தால் ஆகாது. இந்தச் சோதனைக்கு ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தேகம் குறைவாக உள்ளவரிடம் அது 'இல்லை' என்று சொன்னால் நம்பலாம். 'உண்டு' என்று சொன்னால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பிரசவம், அறுவைச் சிகிச்சை, கிருமித் தொற்று எல்லாவற்றிலும் அது கூடும். லேபில் தானாகப் போய் டி-டைமர் பார்த்துவிட்டு உறக்கமிழந்து வருகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம், இவற்றில் ஒன்று வந்தால் ஸ்கேனுக்கு வரிசையில் நிற்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

இனி வைத்தியம். எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய நோயாளிகளில் ஒருவர் பிரான்சின் நார்மண்டிப் பகுதியைச் சேர்ந்த ரவுல் என்ற இருபது வயது இளைஞர். ஆண்டு 1271. ஒரு காலில் தொடங்கிய வலியும் வீக்கமும் தொடைவரை ஏறின. பார்த்த அறுவை வைத்தியர், பொறுத்திருந்து பார்ப்போம் என்றார். கால் புண்ணாயிற்று. கடைசியில் அந்த இளைஞர் புனித லூயி மன்னரின் கல்லறைக்குப் போய் அங்கிருந்த மண்ணைப் புண்ணில் பூசிக் குணமானதாக, அவர் கதையைப் பதிந்துவைத்த ஒரு கையெழுத்துப் பிரதி சொல்கிறது. அதன் பிறகு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் மருத்துவர்களிடமும் அதைவிடச் சிறந்த வழி இல்லை. அட்டை விட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தினார்கள். பிரசவத்துக்குப் பின் பெண்களுக்கு வரும் கால் வீக்கத்தை, முலைப்பால் காலில் இறங்கித் தேங்கியது என்று ஐரோப்பியர் நம்பினார்கள்.

1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர் ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். நாயின் ஈரலிலிருந்து கிடைத்த ஒரு சாறு, உறையவிடாமல் செய்தது. அந்த ஆய்வுவழியில் பிறந்ததுதான் ஹெப்பாரின். அதைச் சுத்திகரித்து மனிதருக்குப் போடும் நிலைக்குக் கொண்டுவர இன்னும் இருபது ஆண்டு ஆயிற்று. இன்று அது பன்றியின் குடற்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. சமய நம்பிக்கையால் அதைத் தவிர்க்க விரும்புகிறவர் சொன்னால் ஃபாண்டாபாரினக்ஸ் என்ற, முழுக்கச் செயற்கையான ஊசி இருக்கிறது. கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

மாத்திரையின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. வட அமெரிக்கப் பண்ணைகளில் பூசணம் பிடித்த ஒருவகைத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர், செத்த கிடேரியையும் பால்கேனில் உறையாத ரத்தத்தையும் அந்தப் புல்லையும் வண்டியில் போட்டுக்கொண்டு பனிப்புயலில் மாடிசன் நகருக்கு வந்து, கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் இறக்கினார். லிங்கின் குழு அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழி வந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது. "எலி மருந்தையா கொடுக்கிறீங்க?" என்று இன்றும் கேட்கிறார்கள். ஆமாம், அதையேதான், அளவு பார்த்துக் கொடுக்கிறோம்.

இந்த மருந்துகள் உயிரைக் காக்கின்றன என்பதற்கு முதல் திடமான சான்று 1960-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலிலிருந்து வந்தது. பாரிட், ஜோர்டன் என்ற இருவர், நுரையீரலில் அடைப்பு உண்டானவர்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். மருந்தில்லாத 19 பேரில் 5 பேர் அடைப்பால் இறந்தார்கள். வேறு 5 பேருக்கு அடைப்பு மீண்டும் வந்தது. மருந்து பெற்ற 16 பேரில் அடைப்பால் ஒருவரும் இறக்கவில்லை. சோதனையை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். மேலும் நடத்துவது அறமாகாது. அவர்கள் ஹெப்பாரினோடு கொடுத்த மாத்திரை அசினோகூமரால். நம் ஊர் மருந்துக் கடைகளில் இன்றும் சீட்டுக்குக் கிடைக்கிறதே, அதே மாத்திரைதான். அவர்கள் கொடுத்தது 14 நாள் மட்டும்.

இங்கேதான் நான் தொடங்கிய கேள்விக்கு வருகிறேன். ஹெப்பாரினோ வார்ஃபரினோ கட்டியைக் கரைப்பதில்லை. கூரைவீடுகள் நெருங்கிய தெருவில் ஒரு வீடு பற்றிக்கொண்டால் பக்கத்து வீட்டு ஓலையைப் பிரித்து வீசுவார்கள். அந்த வேலைதான் இந்த மருந்துகளுடையது. புதிதாக ஒன்றும் உறையாமல் பார்த்துக்கொள்கின்றன. உள்ளே இருக்கும் கட்டியை உடம்பு தன் நொதிகளால் மெல்லச் சிதைக்கும், அல்லது தழும்பாக்கிச் சுவரோடு ஒட்டிவைக்கும். இதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். மூன்று மாதம் கழித்து எடுத்த டாப்ளரில் கட்டியின் மிச்சம் தெரிவது சகஜம். அதைப் பார்த்து வைத்தியம் தோற்றது என்று மருத்துவமனை மாறுகிறவர்களும் உண்டு, வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டது என்று மூன்றாம் வாரமே மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. இரண்டாமவரே அதிக ஆபத்தில் இருக்கிறார்.

எத்தனை நாள் என்பதைச் சோதனைகள்தான் சொல்லின. சுவீடனில் ஆறு வாரம் மருந்து எடுத்தவர்களையும் ஆறு மாதம் எடுத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 1995-இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுக்குள், முதல் பிரிவில் சுமார் 18 சதவீதத்தினருக்கு மீண்டும் கட்டியது. இரண்டாம் பிரிவில் 9.5 சதவீதத்தினருக்கு. இன்று எவருக்கும் குறைந்தது மூன்று மாதம் என்பது பொது விதி. கெண்டைக்காலுக்குள் மட்டும் நிற்கும் சிறு கட்டிகளில், ஆபத்துக் காரணி இல்லாதபோது, மருந்தில்லாமல் வாரம் ஒருமுறை ஸ்கேன் பார்த்துப் பொறுத்திருப்பதும் முறையே. 1271-இன் வைத்தியர் சொன்னது முழுக்கத் தவறில்லை போலும்.

மூன்று மாதத்துக்குப் பிறகு நிறுத்துவதா தொடர்வதா என்பது கட்டி ஏன் வந்தது என்பதைப் பொறுத்தது. பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் வந்திருந்தால் காரணம் போய்விட்டது. நிறுத்திய முதல் ஆண்டில் மீண்டும் வருவது நூற்றில் ஒருவருக்கு. எந்தக் காரணமும் புலப்படாமல் வந்திருந்தால் கதை வேறு. அப்படிப்பட்டவர்கள் நிறுத்தினால் ஓராண்டில் 10 சதவீதத்தினருக்கும், ஐந்து ஆண்டில் 25 சதவீதத்தினருக்கும், பத்து ஆண்டில் 36 சதவீதத்தினருக்கும் மீண்டும் வருகிறது. அவர்களிடம் காலவரையின்றித் தொடரச் சொல்கிறோம். ஆண்டுக்கொருமுறை ரத்தக்கசிவு அபாயத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்து, தொடர்வதா என்று மறுபடி முடிவெடுக்கிறோம். ரிவரோக்ஸபான் என்ற புதிய மாத்திரையை எடுப்பவர்கள் ஆறு மாதத்துக்குப் பின் அளவைப் பாதியாக்கலாம் என்பது நல்ல செய்தி. 2017-இல் வந்த ஆய்வில் ரிவரோக்ஸபான் 10 மில்லிகிராம் எடுத்தவர்களில் 1.2 சதவீதத்தினருக்கே மீண்டும் வந்தது. ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 4.4 சதவீதத்தினருக்கு. 'இதய மாத்திரைதான் ஏற்கனவே சாப்பிடுகிறேனே' என்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் சொல்வது என் வழக்கம்.

ரிவரோக்ஸபான், அபிக்ஸபான், டபிகாட்ரான் போன்ற புதிய மாத்திரைகள் 2009-க்கும் 2013-க்கும் இடையில் தம்மை நிரூபித்தன. அபிக்ஸபானின் பெரிய ஆய்வில் கடும் ரத்தக்கசிவு 0.6 சதவீதம், பழைய முறையில் 1.8. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பார்க்க மாதாமாதம் ஊசி குத்திக்கொள்ள வேண்டியதில்லை. 2020 இறுதியில் ரிவரோக்ஸபானின் காப்புரிமை இந்தியாவில் முடிந்தது. பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கின, விலை இறங்கியது. ஆனால் இவற்றை எப்படிச் சாப்பிடுவது என்பதைச் சரியாகச் சொல்லி அனுப்புவதில்லை. ரிவரோக்ஸபான் முதல் 21 நாள் 15 மில்லிகிராம் இருவேளை, பிறகு 20 மில்லிகிராம் ஒருவேளை. கட்டாயம் சாப்பாட்டோடு, வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் ஏறாது. அபிக்ஸபான் முதல் 7 நாள் 10 மில்லிகிராம் இருவேளை, பிறகு 5 மில்லிகிராம் இருவேளை. அளவு மாறும் அந்த நாளில்தான் குளறுபடி நடக்கிறது. நாள்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டு அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீரும்.

எல்லோருக்கும் புதியது என்று சொல்லிவிடவும் முடியாது. செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும், ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் என்ற எதிர்ப்பொருள் நோய் கடுமையாக உள்ளவர்களுக்கும் வார்ஃபரின் வகைதான். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவரிடம் புதிய மாத்திரைகள் வேலை செய்யாமல் போகும். வார்ஃபரினின் வலுவும் குறையும். கர்ப்பிணிகளுக்கு இரண்டு வகை மாத்திரையும் ஆகாது. குறை மூலக்கூறு எடை ஹெப்பாரின் ஊசிதான். பால் கொடுக்கும் தாய் வார்ஃபரின் சாப்பிடலாம், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் எடுப்பவர்களிடம் கீரையே தொடக்கூடாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. முருங்கைக்கீரையில் கே வைட்டமின் அதிகம், உண்மை. வாரம் இரண்டு நாள் கீரை சாப்பிடுகிற வீடு என்றால் அதையே தொடரட்டும். மருந்தின் அளவை அதற்கேற்ப வைப்பது மருத்துவரின் வேலை. ஒரு மாதம் அறவே விட்டுவிட்டு அடுத்த மாதம் ஆடிக்கூழுக்கு முருங்கைக்கீரைப் பொரியலை அள்ளிச் சாப்பிடுவதுதான் ஐ.என்.ஆரைக் குலைக்கும். அது 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையைவிடப் பெரிய எதிரி, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக். உறைவைத் தடுக்கும் மருந்தோடு அது சேர்ந்தால் இரைப்பையில் ரத்தம் கசியும். மலம் தார் போல் கறுத்துப் போனால் அன்றே வர வேண்டும்.

கட்டியை நேரடியாகக் கரைக்க வழியே இல்லையா? உண்டு. சிரைக்குள் குழாய் செலுத்திக் கரைப்பு மருந்தைப் பாய்ச்சலாம், கட்டியை உறிஞ்சி எடுக்கலாம். கேட்பதற்குக் கவர்ச்சியாக இருக்கிறது, பில்லும் அப்படியே. அமெரிக்காவில் 692 பேரிடம் நடந்து 2017-இல் வெளிவந்த ஆய்வில், பின்னாளில் காலில் நிலைத்துவிடும் வீக்கமும் வலியும் குழாய் வைத்தவர்களில் 47 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 48 சதவீதம். முதல் பத்து நாளில் கடும் ரத்தக்கசிவு குழாய் வைத்தவர்களில் 1.7 சதவீதம், மற்றவர்களில் 0.3. தொல்லையின் கடுமை சிலரிடம் சற்றுக் குறைந்தது என்பது உண்மை. இடுப்புவரை அடைத்து, கால் நீலமாகி, ரத்த ஓட்டமே நின்று கால் போய்விடும் நிலையில் உள்ளவருக்கு இந்த முறை அவசியம். இளவயதில் இடுப்புச் சிரை அடைத்தவர்களிடம் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு, என் கருத்தில், தேவையில்லை. வயிற்றுப் பெருஞ்சிரையில் வைக்கும் வடிகட்டியும் அப்படித்தான்: ரத்தக்கசிவால் மருந்தே கொடுக்க முடியாதவருக்கு மட்டும், அதுவும் ஆபத்து நீங்கியதும் வெளியே எடுத்துவிடும் எண்ணத்தோடு.

வீட்டில் கவனிப்பு பற்றி. கட்டி அறுந்துவிடும் என்று படுக்கையிலேயே கிடத்துவது பழைய வழக்கம். மருந்து தொடங்கிவிட்டால் நடக்கலாம், நடக்க வேண்டும். வலி சீக்கிரம் குறைகிறது, நுரையீரல் அடைப்பு கூடுவதில்லை. பெரும்பாலானோரை வீட்டிலேயே வைத்து வைத்தியம் செய்யலாம் என்று 1996-இலேயே இரண்டு ஆய்வுகள் காட்டின. உட்காரும்போது காலை உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். அழுத்தக் காலுறையை இரண்டு ஆண்டு போட்டே ஆக வேண்டும் என்று முன்பு வற்புறுத்தினோம். 2014-இல் கனடாவின் தலைமையில் வந்த ஆய்வு, போலிக் காலுறை போட்டவர்களைவிட அசல் காலுறை போட்டவர்களுக்குப் பின்விளைவு குறையவில்லை என்றது. போட்டால் வீக்கமும் கனமும் குறைகிறது என்பவர்கள் போடட்டும். நம் வெயிலில் அரிப்பும் வேர்வையும் தாங்காதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் நாடித்துடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் இறுக்கமான காலுறை எழுதிக் கொடுக்கவே கூடாது.

கடைசியாகப் பெண்களைப் பற்றி. பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு வாரம்தான் ஒரு பெண்ணின் வாழ்வில் ரத்தம் கட்டும் அபாயம் மிகக் கூடிய காலங்களில் ஒன்று. அதே ஆறு வாரத்தில்தான் நம் வீடுகளில், புண் ஆறாது என்று தண்ணீரைக் குறைத்து, வெளியே நடமாடவிடாமல் வைக்கிறார்கள். சிசேரியன் ஆனவரும் எழுந்து நடக்க வேண்டும், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். மருந்து எடுக்கும் பெண்களுக்கு மாதவிலக்கில் உதிரப்போக்கு கூடலாம், ரிவரோக்ஸபானில் சற்று அதிகம். வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் மருந்தை மாற்றித் தர முடியும். ஒருமுறை கட்டி வந்தவருக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை கூடாது. அடுத்த கர்ப்பத்தில் முதல் பரிசோதனையிலேயே பழைய சீட்டைக் காட்டிவிட வேண்டும். பெரும்பாலானோருக்கு ஊசி தேவைப்படும், அது பிரசவத்துக்குப் பின்னும் ஆறு வாரம் தொடரும்.

இன்னொன்றும் இருக்கிறது. திருவிழா, கல்யாணம், சபரிமலை என்றால் மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் சீட்டில்லாமலே நாரெத்திஸ்டிரோன் வாங்குகிறார்கள். அம்மா மகளுக்கு வாங்கித் தருகிறார், அக்கா தங்கைக்குத் தருகிறார். அந்த அளவில் சாப்பிடும்போது அதில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. தனக்கோ தாய்க்கோ உடன்பிறந்தாருக்கோ ரத்தம் கட்டியிருந்தால், அந்த மாத்திரையை வாங்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இதே தள்ளிப்போடும் வேலைக்கு அபாயம் குறைந்த வேறு ஹார்மோன் மாத்திரை உண்டு. கேட்டால் எழுதித் தருவார்கள்.